மலையில்லாத ஊரில் மலைக்குருவிகள்



சென்ற இதழில் புறாவைப் பற்றி எழுதும்போது, லண்டன் தெருக்களில் திரியும் புறாக்கள் எல்லாம் பாறைகளில் வாழ்ந்த புறாவின் வழிவந்தவை என்று குறிப்பிட்டிருந்தேன். அதை வாசித்த ஒரு தாயார், தனது மகன் கேட்ட கேள்வியை எழுதி அனுப்பியிருக்கிறார். "லண்டனில மலையுமில்லை, பாறையுமில்லை. பிறகேன் மலைக்குருவியள் இங்கை வந்து கூடு கட்டுதுகள்?"

நல்ல கேள்வி. இரண்டு வரியில் பதில் சொல்லி முடிக்கக்கூடிய விடயம் அல்ல. ஆகவே இம்முறை பக்கம் முழுவதையும் இந்தக் கேள்விக்கே ஒதுக்குகிறேன்.

கூடா, இடமா?

ஊரில் தூக்கணாங்குருவிக் கூட்டைப் பார்க்காதவர்கள் எங்களில் குறைவு. பனையோலை நுனியிலும், கிணற்றுக்கு மேலே சாய்ந்த கிளையிலும், முள்மரத்திலும் அது தொங்கும். கூட்டின் பின்னல் வேலையைப் பார்த்துத்தான் நாங்கள் வியப்போம். ஆனால் அந்தக் குருவியின் கெட்டித்தனத்தில் பாதி, கூட்டைத் தொங்கவிட்ட இடத்தில்தான் இருக்கிறது. மெல்லிய ஓலை நுனியில் பாம்பு ஏறி வருவது கடினம். கீழே தண்ணீர் இருந்தால் பூனையும் கீரியும் வரா.

ஆண் குருவி கூட்டைப் பாதி பின்னிவிட்டுப் பெண்ணை அழைக்கும். பெண் வந்து பார்க்கும். பிடிக்காவிட்டால் போய்விடும். ஆண் அந்தப் பாதிக் கூட்டை அப்படியே விட்டுவிட்டு வேறொன்றைத் தொடங்கும். பெண் குருவி எதைப் பார்க்கிறது என்று இந்தியாவில் ஆராய்ந்திருக்கிறார்கள். பின்னலை மட்டுமல்ல, கூடு எவ்வளவு உயரத்தில், எந்த மரத்தில் இருக்கிறது என்பதையும் அது கவனிக்கிறது என்று தெரியவந்தது. பின்னல் எவ்வளவு நன்றாக இருந்தாலும், தொங்கும் இடம் பிழையென்றால் குஞ்சு தப்பாது.

மலையில் வாழும் பறவைகளுக்கு இந்தப் பிரச்சினை இன்னும் கடுமையானது. ஐரோப்பாவின் அல்ப்ஸ் மலைத்தொடரை எடுத்துக்கொள்வோம். சுமார் 2000 மீற்றருக்கு மேலே போனால் மரம் அருகிவிடும். மே மாதம் தாண்டியும் பனி கிடக்கும். கோடை குறுகியது. கூடு கட்டி, முட்டையிட்டு, அடைகாத்து, குஞ்சைப் பறக்கவிட ஒரு சில வாரங்கள்தான் உண்டு. முதல் கூடு அழிந்துபோனால் மறுபடி தொடங்க நேரம் போதாமல் போகலாம்.

மரமில்லாத இடத்தில் இரண்டே வழிதான். ஒன்று, நிலத்தில் புல்லுக்குள் கட்டலாம். மற்றது, பாறைப் பொந்துக்குள் கட்டலாம். நிலத்தில் கட்டினால் இடத்துக்குப் பஞ்சமில்லை. ஆனால் நரி வரும், காகம் வரும், கீரியைப் போன்ற 'ஸ்ரோற்' என்னும் சிறு பிராணி வரும். யூன் மாதத்தில் திடீரென்று பனி கொட்டினால் கூடு மூடுண்டு போகும். பாறைப் பொந்து என்றால் காற்றும் பனியும் நேரே படாது. பகலில் வாங்கிய சூட்டைக் கல் இரவிலும் கொஞ்சம் வைத்திருக்கும். ஆனால் நல்ல பொந்துகள் எண்ணிக்கையில் குறைவு. அவற்றுக்குப் போட்டியும் உண்டு.

இவற்றையெல்லாம் கூட்டிப் பார்த்தால், கூடு அமையும் இடம் மூன்று காரியங்களைச் செய்ய வேண்டும் என்பது விளங்கும். எதிரியிடமிருந்து காக்க வேண்டும். ஈரமும் குளிரும் படாமல் வைத்திருக்க வேண்டும். குஞ்சுக்குத் தீனி எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். இந்த மூன்றில் இரண்டு இருந்து ஒன்று இல்லாவிட்டாலும் குஞ்சு பிழைப்பது கடினம்.

அல்ப்ஸ் மலையுச்சிகளில் வாழும் பனிச்சிட்டு இதற்கு நல்ல உதாரணம். அது பாறைப் பொந்திலும், மலைக் குடில்களின் சுவர் இடுக்கிலும், பனிச்சறுக்கு விளையாட்டுக்காரரை ஏற்றும் கம்பிவடத் தூண்களின் துளைகளிலும் கூடு கட்டுகிறது. வீட்டுக்குக் குறையில்லை. ஆனால் அதன் குஞ்சுகளுக்குத் தேவையான புழுக்கள், உருகும் பனியின் ஓரத்து ஈரமண்ணில்தான் நிறையக் கிடைக்கும். குஞ்சு பொரித்திருக்கும் வாரங்களில் கூட்டுக்குப் பக்கத்தில் பனித்திட்டு இருக்க வேண்டும். பூமி சூடேறி, பனி முந்தி உருகிவிட்டால் பொந்து அப்படியே இருக்கும், தீனி போய்விடும். நல்ல வீடு, ஆனால் கடை பூட்டு.

வெம்பிளிக்கு வந்த குருவி

இனி லண்டனுக்கு வருவோம். இங்கே ஆங்கிலத்தில் 'பிளாக் றெட்ஸ்ராற்' என்று ஒரு குருவி உண்டு. 'ஸ்ராற்' என்பது வால் என்று பொருள்படும் பழைய ஆங்கிலச் சொல்லில் இருந்து வந்தது. ஆகவே நாங்கள் அதைக் கருஞ்செவ்வால் குருவி என்று அழைக்கலாம். சிட்டுக்குருவி அளவுதான் இருக்கும். ஆண் குருவி கரிபூசியதுபோல் கறுத்துச் சாம்பல் நிறமாயிருக்கும். வால் மட்டும் செங்கல் நிறம். அந்த வாலை ஓயாமல் நடுக்கிக்கொண்டே இருக்கும். உலைக்களத்தில் வேலைசெய்து முகம் கழுவாமல் வந்ததுபோன்ற தோற்றம் என்று சொல்லலாம்.

இது பிறப்பால் ஒரு மலைக்குருவி. மத்திய, தென் ஐரோப்பாவின் கற்பாங்கான மலைச்சரிவுகளில் பாறை இடுக்குகளில் கூடு கட்டி வாழ்ந்தது. பிறகு மலையடிவார ஊர்களுக்கு இறங்கி வீட்டுக் கூரைகளுக்கும் மதில்களுக்கும் பழகிக்கொண்டது. யேர்மன் மொழியில் அதன் பெயரே 'வீட்டுச் செவ்வால்' என்பதுதான். சுவிஸிலும் யேர்மனியிலும் உறவினர் உள்ளவர்கள் கேட்டுப் பாருங்கள். அங்கே இது கூரைக்குக் கூரை காணும் சாதாரணக் குருவி.

பிரித்தானியாவில் அப்படியல்ல. 1923ஆம் ஆண்டில் தென்கரையில், சசெக்ஸ் பகுதிக் கடலோரப் பாறைகளில் இது கூடு கட்டுவது கண்டறியப்பட்டது. அதாவது, வந்து இறங்கியதும் முதலில் பாறையைத்தான் தேடிப் பிடித்திருக்கிறது. அடுத்து எங்கே போயிற்று தெரியுமா? எங்கள் சனம் இன்று நிறைந்து வாழும் வெம்பிளிக்கு! 1924, 1925ஆம் ஆண்டுகளில் வெம்பிளியில் பிரித்தானியப் பேரரசுக் கண்காட்சி நடந்தது. அதற்காகப் பெரிய கொங்கிறீற் மண்டபங்களைக் கட்டினார்கள். கண்காட்சி முடிந்து மண்டபங்கள் வெறிச்சோடிக் கிடந்த 1926இல், அங்கிருந்த பொறியியல் மண்டபத்தில் கருஞ்செவ்வால் குருவிகள் கூடு கட்டின. பின்னரும் பல வருடங்கள் அந்த இடத்தை அவை விடவில்லை.

குருவியின் கண்ணால் அந்த மண்டபத்தைப் பாருங்கள். உயரமான கொங்கிறீற் சுவர், அதில் துளைகள், விளிம்புகள், கீழே புல் பூண்டு முளைத்த சரளைக்கல் தரை. இது ஒரு மலைச்சரிவு அல்லாமல் வேறென்ன?

அதன்பின் இரண்டாம் உலகப்போர் வந்தது. 1940 செப்டெம்பர் தொடக்கம் 1941 மே வரை யேர்மன் விமானங்கள் லண்டன்மீது குண்டு பொழிந்தன. நகரின் நடுவில், கிறிப்பிள்கேற் என்ற பகுதி ஏறக்குறைய முழுவதும் எரிந்து இடிந்தது. இடிபாடுகளுக்குள் காட்டுச் செடிகள் பூத்தன. பூவுக்குப் பூச்சி வந்தது. கூரையில்லாத சுவர்களில் ஆயிரம் பொந்துகள். கருஞ்செவ்வால் குருவி அந்த இடிபாடுகளுக்குள் குடிவந்தது. 1940களில் லண்டன் நகரின் இதயத்திலேயே ஆண் குருவிகள் பாடுவதை இயற்கை ஆய்வாளர்கள் எண்ணிப் பதிந்தார்கள். போர் லண்டனின் செடிகளையும் பறவைகளையும் எப்படி மாற்றியது என்பதை றிச்சர்ட் பிற்றர் 1945இல் வெளியிட்ட 'லண்டனின் இயற்கை வரலாறு' என்ற நூலில் எழுதியிருக்கிறார்.

இதை வாசிக்கும்போது மனம் சங்கடப்படத்தான் செய்யும். கூரையிழந்த எங்கள் வீடுகளின் சுவர்களில் புறாவும் மைனாவும் கூடு கட்டியிருந்ததைக் கண்ணால் கண்டவர்கள் இந்தப் பக்கத்தை வாசிப்பவர்களில் பலர் இருக்கக்கூடும். ஒருவரின் அழிவில் இன்னொன்று வாழ்கிறதே என்று அப்போது கோபம்கூட வந்திருக்கும். ஆனால் குருவிக்குப் போர் தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் பொந்து இருக்கிறதா, நனையாதா, பூச்சி இருக்கிறதா என்பதுதான். போருக்கு முன்னரே, ஒரு குண்டும் விழாத வெம்பிளியில் அதே மூன்றையும் கண்டுதான் அது வந்தது.

போர் முடிந்து இடிபாடுகள் அகற்றப்பட்டன. கிறிப்பிள்கேற்றில் பார்பிக்கன் மாடிக்குடியிருப்பு எழுந்தது. துளையில்லாத சுவரும் சீமெந்து பூசிய தரையும் வந்தால் அந்தக் குருவிக்கு அங்கே வேலையில்லை. அது மின்நிலையங்களுக்கும், காஸ் தொழிற்சாலைகளுக்கும், ரெயில் பாதையோர வெளிகளுக்கும், தேம்ஸ் துறைமுகக் கிட்டங்கிகளுக்கும் இடம் மாறியது. இயந்திரச் சத்தத்தை அது பொருட்படுத்துவதில்லை.

இன்று பிரித்தானியா முழுவதிலும் நூறு சோடிக்கும் குறைவாகவே இது கூடு கட்டுகிறது. பெண் குருவி சுவர்த் துளையிலோ உத்தரத்து விளிம்பிலோ புல்லும் பாசியும் வைத்துக் கூடு கட்டி, மயிரும் இறகும் பரப்பி, நாலு தொடக்கம் ஆறு வெள்ளை முட்டைகள் இடும். இரண்டு கிழமையளவில் குஞ்சு பொரிக்கும். இன்னும் இரண்டரைக் கிழமையளவில் குஞ்சுகள் கூட்டை விட்டு வெளியேறும். இடம் வாய்த்தால் ஒரே கோடையில் இரண்டாம் தடவையும் முட்டையிடும். மலையுச்சியில் கிடைக்காத இந்த இரண்டாம் வாய்ப்புக்கு, சமவெளி ஊரின் நீண்ட கோடை இடம் கொடுக்கிறது.

இந்தக் குருவியைக் கேட்கும் வாய்ப்பு எங்களில் இரவு வேலை செய்பவர்களுக்குத்தான் அதிகம். ஏப்ரல், மே மாதங்களில் விடியுமுன்னரே, பக்ரறிக் கூரையோ கிரேனோ எது உயரமோ அதில் ஏறியிருந்து பாடும். முதலில் ஒரு சிறு சீழ்க்கை. பிறகு கொஞ்சம் இடைவெளி. பிறகு ஒருபிடி சரளைக்கல்லைக் கைக்குள் வைத்து நெரித்ததுபோல் 'கறகற' என்று ஒரு சத்தம். அதுதான் அடையாளம். பறவை ஆய்வாளர்கள் போர்வைக்குள் இருக்கும் நேரத்தில் நாங்கள் பஸ் தரிப்பிடத்தில் நிற்கிறோம். காதை மட்டும் கொடுத்தால் போதும்.

சிகிரியாவின் உறவுக்காரன்

அடுத்தது பெரகிறின் வல்லூறு. காகத்தின் அளவு. இரைமீது பாயும்போது மணிக்கு 300 கிலோமீற்றருக்கும் மேற்பட்ட வேகம். இதே இனத்தின் ஒரு பிரிவு இலங்கையிலும் உண்டு. சிகிரியாக் குன்றின் செங்குத்துப் பாறையில் கூடு வைப்பது அதுதான். ஆக, லண்டனில் காணும் வல்லூறு சிகிரியா வல்லூறின் உறவுக்காரன்.

போர்க்காலத்தில் கருஞ்செவ்வால் குருவிக்கு வாழ்வு வந்தது போல இதற்கு வரவில்லை. இராணுவத்தின் தூதுப் புறாக்களைப் பிடித்துத் தின்னும் என்பதால் 1940இல் அரசாங்கமே இதைக் கொல்ல உத்தரவிட்டது. நூற்றுக்கணக்கில் சுட்டார்கள். போருக்குப்பின் பயிருக்கு அடித்த டி.டி.ற்றி. போன்ற நஞ்சுகள் இரையின் வழியாக வல்லூறின் உடலில் சேர்ந்தன. முட்டையின் கோது மெலிந்து, அடைகாக்கும் தாயின் கீழேயே உடைந்தது. இதை டெறிக் றற்கிளிவ் என்ற ஆய்வாளர் 1967இல் எடுத்துக்காட்டினார். அந்த நஞ்சுகளைப் படிப்படியாகத் தடைசெய்த பின்னரே வல்லூறு மீண்டது. எவ்வளவு நல்ல பாறையில் இருந்தாலும் முட்டை நஞ்சானால் பயனில்லை என்பதையும் இங்கே சேர்த்து நினைக்க வேண்டும்.

மீண்டு பெருகிய வல்லூறுகள் நகரங்களுக்கும் வந்தன. லண்டனில் 2000ஆம் ஆண்டளவில், 1983இல் மூடப்பட்ட பற்றர்சீ மின்நிலையத்தில் கூடு வைத்தன. ரேற் மொடேர்ண் கலைக்கூடமாக மாறிய பழைய பாங்சைட் மின்நிலையத்தின் 99 மீற்றர் புகைபோக்கியில் வந்து குந்தியிருக்கத் தொடங்கின. பின்னர் முப்பது சோடியளவு லண்டனில் இருப்பதாகக் கணக்கிட்டார்கள். உயரமும் உண்டு, இரைக்குப் புறாவும் உண்டு. இப்போது பச்சைக் கிளியும் உண்டு. இரவில் தெரு வெளிச்சத்தில்கூட வேட்டையாடப் பழகியிருக்கிறது.

ஆனால் ஒரு குறை. வல்லூறு சுள்ளி பொறுக்கிக் கூடு கட்டாது. பாறை விளிம்பில் உள்ள மண்ணையும் சிறு கல்லையும் நெஞ்சாலும் காலாலும் விலக்கி, ஒரு சிறு பள்ளம் ஆக்கி அதில் முட்டையிடும். கட்டடத்தின் விளிம்பு வெறும் கொங்கிறீற். பள்ளம் ஆக்க முடியாது. முட்டை உருளும். கூரைப் பீலியில் இட்டால் மழைத் தண்ணீர் நிரம்பி முட்டை குளிர்ந்துபோகும். தூரத்தில் இருந்து பார்க்கும்போது மிகச் சிறந்த பாறைபோல் தோன்றும் இடம், கிட்டப்போனால் ஒரு பொறி. பறவை ஏமாறுகிறது, ஏனென்றால் அதன் முன்னோர் கண்ட பாறைகளில் உயரம் இருந்த இடத்தில் மண்ணும் இருந்தது.

இதற்குச் செய்த பரிகாரம் மிக எளிமையானது. தண்ணீர் வடியத் துளையிட்ட ஒரு தட்டு அல்லது பெட்டி, அதற்குள் சரளைக்கல். அவ்வளவுதான். ஹமர்ஸ்மித் பகுதியில் உள்ள சாரிங் குறொஸ் வைத்தியசாலையின் உயர்ந்த கட்டடத்தில் அப்படியொரு இடத்தில்தான் வல்லூறுகள் குஞ்சு பொரிக்கின்றன. பற்றர்சீயில் மின்நிலையத்தைத் திருத்தும் வேலை நடந்தபோது, வல்லூறுகளுக்கென்றே தனியாக உயரமான ஒரு கோபுரத்தை நிறுத்தி அதில் கூட்டுப்பெட்டி வைத்தார்கள். இப்படி இடம் சரிவந்த நகரங்களில், கிராமப்புறத்து வல்லூறைவிட நகரத்து வல்லூறு கூடுதலான குஞ்சுகளைப் பறக்கவிடுகிறது என்று பிரித்தானியாவில் செய்த ஆய்வு காட்டுகிறது. காரணம், இரை பக்கத்தில் இருக்கிறது.

வீடு வேண்டும், குருவியும் வேண்டும்

இங்கேதான் எங்களைத் தொடும் விடயம் வருகிறது. கருஞ்செவ்வால் குருவி வாழும் இடங்கள் என்ன? கைவிட்ட தொழிற்சாலைக் காணி, பழைய ரெயில் வெளி, ஆற்றங்கரைக் கிட்டங்கி. புதிய மாடிவீடுகள் கட்ட லண்டனில் தெரிவாகும் இடங்களும் இவைதான். "குருவிக்காக வீடு கட்டாமல் விடுங்கள்" என்று சொல்ல எனக்கு வாய் வராது. அந்த வீட்டுக்கான வரிசையில் நிற்பவர்களில் நாங்களும் இருக்கிறோம். ஒற்றை அறையில் நாலு பேர் படுக்கும் குடும்பத்திடம் போய்க் குருவியின் உரிமையைப் பேச முடியாது.

ஆனால் இரண்டில் ஒன்றைத்தான் தெரிய வேண்டும் என்பதும் சரியல்ல. தென்கிழக்கு லண்டனில் டெற்போர்ட் சிற்றாற்றங்கரையில் இந்தக் கேள்வி 1990களின் இறுதியில் எழுந்தது. அங்கே பழைய காணிகளில் கருஞ்செவ்வால் குருவிகள் இருந்தன. கட்டடங்கள் வரவிருந்தன. டஸ்ரி கெட்ஜ் என்ற இயற்கை ஆர்வலரும் வேறு சிலரும் ஒரு யோசனை சொன்னார்கள்: தரையில் எடுக்கும் வெளியைக் கூரையில் திருப்பிக் கொடுங்கள். 2003இல் திறக்கப்பட்ட லபான் நடன நிலையத்தின் கூரையில் உடைத்த செங்கல்லும் கொங்கிறீற்றும் பரப்பி, காட்டுச் செடிகள் முளைக்க விட்டார்கள். பார்த்தால் குப்பைமேடு போலிருக்கும். ஆனால் செடி வந்தால் பூச்சி வரும், பூச்சி வந்தால் குருவி வந்து மேயும். இதைத்தான் மண்ணிறக் கூரை என்கிறார்கள். 2008ஆம் ஆண்டு லண்டன் பெருந்திட்டத்தில் உயிருள்ள கூரைகளை ஊக்குவிப்பதும் ஒரு கொள்கையாகச் சேர்ந்தது.

இதிலும் ஒன்றைக் கவனியுங்கள். கூரை தீனியை மட்டுந்தான் தரும். சுவரில் பொந்து விடாமல் கூரையில் கல்லை மட்டும் பரப்பினால் குருவி மேய்ந்துவிட்டுப் போகும், குஞ்சு பொரிக்காது. மூன்றும் வேண்டும். உங்கள் குடியிருப்பில் திருத்த வேலையோ புதுக் கட்டடமோ வரப்போகிறது என்று கவுன்சில் கூட்டம் வைத்துக் கருத்துக் கேட்கும். நாங்கள் பெரும்பாலும் அந்தக் கடிதத்தை ஓரமாக வைத்துவிடுகிறோம். போய் இருந்து, "கூரையில் என்ன செய்யப் போகிறீர்கள், சுவரில் குருவிக்கு இடம் உண்டா?" என்று கேளுங்கள். ஆங்கிலம் தடுமாறினாலும் பரவாயில்லை, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போங்கள். அது அவர்கள் வளரப்போகிற இடம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வீடு பார்க்கப் போகும்போது நாங்களும் அந்த மூன்றையுந்தான் பார்க்க வேண்டும். கதவும் தெருவும் பாதுகாப்பா? சுவரில் ஈரமும் பூஞ்சணமும் உண்டா, குளிர்காலத்தில் சூடாக்கக் கட்டுபடியாகுமா? வேலைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் எத்தனை பஸ்? ஒன்றுக்காக மற்றதைக் கண்மூடி விட்டால் பிள்ளையின் நெஞ்சுச் சளியில்தான் அது தெரியவரும். ஆனால் தெரிவு எல்லாருக்கும் கிடைப்பதில்லை. அகதி விண்ணப்பத்துக்கு முடிவு வராதவர்களை எங்கே தங்கவைப்பது என்பதை, 1999ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் உள்துறை அமைச்சுத்தான் தீர்மானிக்கிறது. தூக்கணாங்குருவிக்குக்கூட வேண்டாமென்று பறந்துபோக வழியுண்டு. ஆகவே அப்படியொரு இடத்தில் இருக்கும் குடும்பம் உங்களுக்குத் தெரிந்திருந்தால், அவர்களுக்கு எது குறைகிறது என்று பார்த்து அதைக் கொடுங்கள். வல்லூறுக்கு ஒரு தட்டுச் சரளைக்கல் செய்த உதவியை, சிலநேரம் ஒரு கம்பளியோ, பள்ளிக்கூடப் படிவம் நிரப்பிக் கொடுக்கும் ஒரு மணித்தியாலமோ செய்துவிடும்.

பெற்றோருக்குச் சில குறிப்புகள்

வல்லூறைப் பார்க்கப் பணம் தேவையில்லை. சென் போல்ஸ் தேவாலயப் பக்கமிருந்து நடைபாலத்தால் தேம்ஸைக் கடந்து, ரேற் மொடேர்ண் புகைபோக்கியின் மேல்விளிம்பைப் பாருங்கள். எல்லா நாளும் இருக்கும் என்றில்லை. ஒரு பழைய தொலைநோக்கிக் கண்ணாடி இருந்தால் நல்லது.

வல்லூறும் கருஞ்செவ்வால் குருவியும் 1981ஆம் ஆண்டு வனவிலங்கு, நாட்டுப்புறச் சட்டத்தில் சிறப்புப் பாதுகாப்புப் பெற்றவை. கூடு வைத்திருக்கும்போது கிட்டப்போய்த் தொந்தரவு செய்வதே குற்றமாகும். பொதுவாக எந்தக் காட்டுப்பறவையானாலும், முட்டையோ குஞ்சோ உள்ள கூட்டைக் கலைக்கக்கூடாது. பல்கனியில் கூடு வைத்துவிட்டால் குஞ்சுகள் போகும்வரை பொறுத்து, பிறகு துப்புரவு செய்யுங்கள். தொல்லை தாங்காவிட்டால் வீட்டுக்காரரிடமோ கவுன்சிலிடமோ முறையிடுங்கள், நீங்களாகக் கை வைக்க வேண்டாம்.

யூன் மாதத்தில் பறக்கப் பழகும் வல்லூறுக் குஞ்சு சில வேளை தெருவில் விழுந்துவிடும். மலையில் என்றால் கீழே சரிவு தாங்கும், இங்கே வாகனம்தான் வரும். கண்டால் வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டாம். பிராணிகள் வதைத் தடுப்புச் சங்கத்துக்கு அறிவியுங்கள்.

பிள்ளைகளுக்கு ஒரு வேலை. இந்த வசந்தகாலத்தில் உங்கள் தெருவில் எந்தப் பறவை எங்கே கூடு வைக்கிறது என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள். எவ்வளவு உயரம், எந்தத் திசையைப் பார்த்திருக்கிறது, மழை படுமா, பூனை ஏறுமா, தீனி எங்கிருந்து கொண்டுவருகிறது என்று குறியுங்கள். கடைசியில் எத்தனை குஞ்சுகள் பறந்தன என்பதையும் எழுதுங்கள். எந்த இடம் நல்ல இடம் என்பது அப்போது உங்களுக்கே விளங்கும். நன்றாக எழுதப்பட்ட குறிப்புகளை இந்தப் பக்கத்தில் பிரசுரிப்போம். தமிழில் எழுதுங்கள், எழுத்துப் பிழைக்குப் பயப்பட வேண்டாம். அதை நாங்கள் திருத்திக்கொள்வோம்.

அடுத்த இதழில், மழைக்காலத்தில் லண்டன் நடைபாதைக்கு மேலே ஏறிவரும் மண்புழுவைப் பற்றிப் பார்ப்போம். அதுவரை வணக்கம்.